பட்டியலே பந்தயம்

2017ஆம் ஆண்டு என்.பி.ஏ. கூடைப்பந்து லீகின் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் மேற்குப் பிரிவின் தொடக்க ஐவரில் பின்வரிசை ஆட்டக்காரர்களான கார்டுகளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன; போட்டியிலோ மூவர். ஸ்டெஃபன் கர்ரி, ஜேம்ஸ் ஹார்டன், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். தேர்வுமுறையை மாற்றியதும் அந்த ஆண்டுதான். அதுவரை தொடக்க ஐவரை ரசிகர்களின் வாக்கு மட்டுமே தீர்மானித்தது. புதிய முறையில் ரசிகர்களுக்குப் பாதி, சக ஆட்டக்காரர்களுக்குக் கால், செய்தியாளர்களுக்குக் கால் என்று பங்கு பிரித்தார்கள். ஒவ்வொரு தரப்பும் ஒருவருக்குத் தந்த இடத்தை எடுத்து, ரசிகர் தந்த இடத்தை இரட்டிப்பாக்கி, மூன்றையும் கூட்டி நான்கால் வகுக்க வேண்டும்; குறைந்த எண் வருபவர் உள்ளே. கர்ரிக்கு ரசிகர்கள் முதலிடம் தந்தார்கள், மற்ற இரு தரப்பும் மூன்றாமிடம் தந்தன: இரண்டும் மூன்றும் மூன்றும் எட்டு, நான்கால் வகுத்தால் 2. ஹார்டனுக்கு எல்லாத் தரப்பிலும் இரண்டாமிடம்: அதுவும் 2. வெஸ்ட்புரூக்குக்கு ரசிகரிடம் மூன்றாமிடம், மற்ற இருவரிடமும் முதலிடம்: ஆறும் ஒன்றும் ஒன்றும் எட்டு, மறுபடியும் 2. மூவரும் சமம். சமம் வந்தால் ரசிகர் வாக்கில் முந்தியவருக்கே இடம் என்று விதியில் எழுதியிருந்தது. ஆக, ரசிகரை அடக்க வைத்த சூத்திரம் கூட்டிக் கழித்து முடிவை ரசிகர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. அந்தப் பருவம் முழுவதும் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் சராசரியாக இரட்டை இலக்கம் எடுத்துக்கொண்டிருந்தவர் வெஸ்ட்புரூக். அவருக்கு முன்பு ஆஸ்கர் ராபர்ட்சன் 1961-62 பருவத்தில் ஒரே ஒருமுறை செய்த காரியம் அது. பருவ முடிவில், சிறந்த ஆட்டக்காரருக்கான எம்.வி.பி. விருதும் அவருக்கே வந்தது. ஆனாலும் ஆல்-ஸ்டார் ஆட்டம் தொடங்கியபோது அவர் பெஞ்சில் இருந்தார்.

ரசிகர்களுக்கு ஆட்டம் புரியாது, தேர்வைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். நான் இதே கணக்கை வேறு விதமாகப் படிக்கிறேன். ஆல்-ஸ்டார் என்ற இந்த ஏற்பாட்டில் உயிருள்ள பகுதி பட்டியல் தயாராகும் அந்தச் சில வாரங்கள் மட்டுமே. ஆட்டம் அதன் பின்னால் வரும் சடங்கு. கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சித்தப்பா சாப்பாட்டுக்காகவா சண்டை போடுகிறார்? வெஸ்ட்புரூக்குக்காக எழுந்த கூச்சலும் அந்த வகைதான். அவர் அணியில் இல்லாமல் போகவில்லை, பெஞ்சிலிருந்து இறங்கி 41 புள்ளிகள் எடுத்தார். எந்த வரிசையில் பெயர் வந்தது என்பதுதான் விவகாரம். விவகாரத்தின் மையம் அதுவென்றால், அந்தப் பட்டியல் யாருடையது, எந்தக் கேள்விக்கு அது விடை என்று பார்ப்பதே நியாயம்.

தொடக்கத்திலிருந்தே இது கூட்டம் சேர்க்கும் வேலை. 1951இல் கல்லூரிக் கூடைப்பந்தில் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துச் சூதாடிகளுக்கு உதவிய ஊழல் வெடித்து, விளையாட்டின் பெயர் கெட்டுக் கிடந்தது. அப்போது லீகின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஹாஸ்கல் கோஹன், பேஸ்பாலில் 1933 முதல் நடந்துவந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தைப் போல ஒன்றை நடத்தலாம் என்றார். நஷ்டம் வந்தால் தன் பொறுப்பு என்று பாஸ்டன் செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரவுன் முன்வந்தார். மார்ச் 2ஆம் தேதி பாஸ்டன் கார்டனுக்கு 10,094 பேர் வந்தார்கள். கிழக்கு 111, மேற்கு 94. அன்று ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது விளையாட்டுச் செய்தியாளர்கள். தொடக்க ஐவரை ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் முறை 1975 ஆட்டத்திலிருந்து வந்தது. அதன் பிறகு நாற்பதாண்டுகளுக்கு மேல் தேர்வுமுறையில் பெரிய ரகளை இல்லை. ஆனால் ஆட்டம் சுரத்திழந்துகொண்டே போனது, லீகும் ஆட்டத்தையே பழுதுபார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் கிழக்கு-மேற்கைக் கலைத்து, இரண்டு கேப்டன்கள் ஆள் எடுக்கும் முறை வந்தது. 2020இல் கடைசிக் கால்பகுதியில் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, இலக்குப் புள்ளியை முதலில் எட்டுபவர் வெற்றி என்றார்கள். 2025இல் நான்கு அணிகளின் குட்டிப் போட்டி. 2026இல் இரண்டு அமெரிக்க அணிகளும் ஓர் உலக அணியும். இத்தனை மாற்றங்களில் மக்கள் உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றைத்தான். 2018இல் லெப்ரான் ஜேம்ஸும் கர்ரியும் மூடிய கதவுக்குள் ஆள் எடுத்தார்கள். யார் கடைசியாக எடுக்கப்பட்டார் என்பதை மறைத்தார்கள். அதைக் காட்டு என்று எழுந்த சத்தத்தில் அடுத்த ஆண்டே அது தொலைக்காட்சிக்கு வந்தது. 2022இல் எடுக்காமல் மீதியிருந்தவர்கள் ரூடி கோபேரும் ஹார்டனும். ஹார்டன் அன்றுதான் கெவின் டுரான்ட்டின் அணியைவிட்டு வேறு அணிக்கு மாற்றப்பட்டிருந்தார். எடுக்கவேண்டிய முறை கேப்டன்களில் ஒருவரான டுரான்ட்டுடையது. அவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கோபேரின் பெயரைச் சொன்னார், லெப்ரானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஆட்டத்தில் நடந்தவற்றில் இதற்கு ஈடாக எதையும் யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

சரி, ரசிகர் ஒரு பெயருக்கு நேராகக் குறியிடும்போது என்னதான் சொல்கிறார்? இதற்கு 1992ஐவிடத் தெளிவான சான்று கிடையாது. மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதாக 1991 நவம்பர் 7 அன்று அறிவித்து ஓய்வு பெற்றார். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஆனால் வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருந்தது, ரசிகர்கள் அவரைத் தொடக்க ஐவரில் வைத்தார்கள். தகுதி என்பது அந்த ஆண்டு ஆடிய ஆட்டம் என்றால், இதைவிடத் தவறான தேர்வு இருக்க முடியாது. பழைய அணித் தோழர்களான பைரன் ஸ்காட்டும் ஏ.சி. கிரீனும்கூட அவர் ஆடக்கூடாது என்றார்கள். வியர்வையிலும் சிராய்ப்பு ரத்தத்திலும் நோய் ஒட்டிவிடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருந்த காலம் அது. கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் ஆடலாம் என்றார், மேற்கு அணியின் பட்டியலைப் பதின்மூன்று பேராக நீட்டினார். டிம் ஹார்டவே தன் தொடக்க இடத்தை விட்டுக்கொடுத்தார். ஆர்லாண்டோவில் பிப்ரவரி 9 அன்று ஜான்சன் 25 புள்ளிகள் எடுத்தார். மேற்கு 153, கிழக்கு 113. கடைசி நிமிடத்தில் ஐசேயா தாமஸ் ஒருமுறை, மைக்கேல் ஜோர்டன் ஒருமுறை அவருக்கு எதிரே பந்தோடு வந்து நின்றார்கள். மற்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். இரண்டு முறையும் ஜான்சன் நெருங்கி நின்று தடுத்தார், இருவருமே தவறவிட்டார்கள். பிறகு அவர் மூன்று புள்ளி வளையத்துக்கு வெளியிலிருந்து எறிந்த பந்து கூடையில் விழுந்தது. கடிகாரத்தில் இன்னும் 14.5 வினாடிகள் மீதி. அதை ஆடி முடிக்க யாரும் நினைக்கவில்லை. இரு அணிக்காரர்களும் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

அந்தக் கட்டிப்பிடிப்பு ஒரு மருத்துவச் செய்தியும்கூட. இவரைத் தொடலாம், இவரோடு மோதலாம் என்று கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அதனால் பயம் அடியோடு தீர்ந்துவிட்டது என்று கதை கட்டத் தேவையில்லை. அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஜான்சன் திரும்பி வந்து ஆட முயன்றபோது கார்ல் மலோன் போன்றோர் வெளிப்படையாகத் தயங்கினார்கள், அவர் மீண்டும் விலகினார். ஆனாலும் பிப்ரவரி 9 நடந்தது நடந்ததுதான். நிபுணர் குழு எதுவும் அவரை அழைத்திருக்காது. அதன் விதிப்புத்தகப்படி அழைக்கக் காரணமும் இல்லை. ரசிகர்கள் அழைத்தார்கள், ஏனென்றால் அவர்களுக்குப் புரிந்த கேள்வி வேறு. யார் சிறந்தவர் என்று அவர்கள் படிக்கவில்லை. யாரைப் பார்க்க வேண்டும் என்று படித்தார்கள். இரண்டு கேள்விகளுக்கும் பெரும்பாலான ஆண்டுகளில் விடை ஒன்றாக அமைந்துவிடுவதால் வித்தியாசம் வெளியே தெரிவதில்லை. விடைகள் பிரியும் ஆண்டில் மட்டும் ரசிகர் முட்டாளாகிவிடுகிறார். யார் சிறந்தவர் என்பதற்கு லீகிடம் வேறு ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு பருவ முடிவிலும் ஆல்-என்.பி.ஏ. அணிகளைச் செய்தியாளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே முழுப் பருவமும் கண்முன் இருக்கிறது. பிப்ரவரியில் பருவம் முடியக்கூட இல்லை. பாதிப் பருவத்தை வைத்து இன்னொரு தரவரிசை எதற்கு?

கும்பலிடம் கொடுத்தால் கேலிக்கூத்தாகிவிடும் என்பது முதல் எதிர்வாதம். அதற்கு வரலாறும் துணை நிற்கிறது. 1957இல் பேஸ்பால் ஆல்-ஸ்டாருக்கு சின்சினாட்டி ரசிகர்கள் வாக்குச்சீட்டுகளைக் குவித்தார்கள். ஊர்ப் பத்திரிகையே பெயர்களை நிரப்பி அச்சிட்டுக் கொடுத்தது. எட்டில் ஏழு இடங்கள் ஒரே அணிக்குப் போயின. கமிஷனர் ஃபோர்ட் ஃபிரிக் இருவரை நீக்கிவிட்டு வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் சேர்த்தார். ரசிகர் வாக்குரிமை பறிபோனது, திரும்பி வர 1970 ஆயிற்று. கூடைப்பந்தில் சாசா பச்சூலியா. 2016இல் இவர் ஏறத்தாழ பதினாலாயிரம் வாக்கில்தான் கவாய் லெனர்டிடம் தொடக்க இடத்தை இழந்தார். அவர் சாதாரண சென்டர், ஆனால் பின்னால் ஜார்ஜியா நாடே திரண்டு நின்றது. மறு ஆண்டின் புதிய சூத்திரம் அவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதுபோல் இருந்தது. ரசிகர் வாக்கில் மேற்கின் முன்வரிசையில் இரண்டாமிடம் பிடித்தும் அவரால் உள்ளே நுழைய முடியவில்லை. ஆனால் சூத்திரத்தில் புதிதாகச் சேர்ந்த நிபுணர்கள் என்ன செய்தார்கள்? வாக்குரிமை கிடைத்த முதல் ஆண்டிலேயே பல ஆட்டக்காரர்கள் தங்களுக்கும் தங்கள் தோழர்களுக்கும் குத்திக்கொண்டார்கள்; பருவத்தில் பந்தையே அதிகம் தொடாதவர்களுக்கெல்லாம் ஓரிரு வாக்கு விழுந்திருந்தது. வாக்குரிமை வேண்டும் என்று கேட்டவர்களே அதைக் கேலியாக்கிவிட்டார்கள் என்று வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் வருத்தப்பட்டார். கேலி செய்யும் உரிமை ரசிகருக்கு மட்டும் சொந்தமில்லை போலும்.

கேலியும் சில நேரம் கேலியாகவே முடிவதில்லை. 2016இல் பனி ஹாக்கி ரசிகர்கள் ஜான் ஸ்காட் என்பவரை இணையத்தில் வேடிக்கையாகத் திரண்டு கேப்டனாக்கினார்கள். அடிதடிக்கென்றே அணியில் வைத்திருந்த ஆள் அவர்; தன் தொழில்வாழ்க்கை முழுவதிலும் அடித்தது ஐந்தே கோல். லீக் அவரை விலகிக்கொள்ளச் சொல்லிப் பார்த்தது. அவரது அணி அவரை வேறு அணிக்கு மாற்றியது, அந்த அணி அவரைக் கீழ்மட்ட லீகுக்கு அனுப்பியது. அவர் விலகவில்லை. நாஷ்வில்லில் இரண்டு கோல் அடித்தார், தோழர்கள் தோளில் தூக்கினார்கள், சிறந்த ஆட்டக்காரருக்கான வாக்கெடுப்பில் அவர் பெயரே இல்லாதபோதும் ரசிகர்கள் எழுதிப் போட்டு அவரையே ஜெயிக்க வைத்தார்கள். தொடங்கியது கிண்டல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மிரட்டப்பட்ட ஒரு தொழிலாளிக்கு ஆதரவாக அது மாறியது, மாற்றியவர்களும் அதே ரசிகர்கள்தான். சின்சினாட்டியைத் தடுக்க ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதி போதும். அதற்காக வாக்கையே பிடுங்க வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. ரசிகர் யாரையோ ஆசைக்காக உள்ளே விட்டால் உழைத்தவன் ஒருவன் வெளியே நிற்க வேண்டும். இது பாதி உண்மை. 2003இல் அறிமுகப் பருவத்திலிருந்த யாவ் மிங், தொடர்ந்து மூன்று கோப்பைகள் வென்றிருந்த ஷகீல் ஓநீலை முந்தித் தொடக்க ஐவரில் இடம் பிடித்தார். வாக்குச்சீட்டு சீன மொழியிலும் வந்த ஆண்டு அது. ஆனால் ஓநீல் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. பதிலி ஆட்டக்காரராக வந்து ஆடினார். ஒரு பிரிவுக்குப் பன்னிரண்டு பேர். ஐவரை ரசிகர் வாக்கு முன்னே நிறுத்துகிறது, ஏழு பேரைப் பயிற்சியாளர்கள் சேர்க்கிறார்கள், தங்கள் அணிக்காரருக்குத் தாங்களே குத்தக்கூடாது என்பது அவர்களுக்கு விதி. வாசலில் யாரை நிறுத்துவது என்று முடிவாவது அந்த ஏழு இடங்களில்தான். மைக் கான்லி பதின்மூன்று பருவங்கள் நன்றாக ஆடியும் ஒருமுறைகூட ஆல்-ஸ்டார் ஆகவில்லை. 2021இல், 33 வயதில், காயம்பட்ட டெவின் புக்கருக்குப் பதிலாகத்தான் போனார். அத்தனை ஆண்டுகளும் அவரை ஒதுக்கியதில் கோச்சுகளின் சீட்டுக்கும் பங்குண்டு. அந்தச் சீட்டு வெளியிடப்படுவதில்லை, ஆகவே யாரும் அவர்களைத் திட்டுவதும் இல்லை. 2025இல் கிழக்கின் கார்டுகளில் ரசிகர் வாக்கில் முதலிடம் வந்த லமெலோ பால் தொடக்க ஐவரிலும் இல்லை, பயிற்சியாளர்களின் ஏழிலும் இல்லை. மீதிப் பாதியையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2016இல் விடைபெறும் கோபி பிரையன்ட்டுக்கு ரசிகர்கள் ஏறத்தாழ 18.9 லட்சம் வாக்குகள் போட்டு, எல்லாரிலும் முதலாக அனுப்பினார்கள். அவருடைய ஆட்டம் அப்போது எப்படி இருந்தது என்று அவர்களுக்கும் தெரியும். அந்த ஆண்டு வெளியே நின்றவர்களில் டேமியன் லில்லார்ட் ஒருவர். கோபியின் இடம் யாரோ ஒருவருடையது என்பது உண்மைதான். 1992இல் ஸ்டெர்ன் செய்ததுபோல் பதின்மூன்றாவது நாற்காலி ஒன்றைப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரச்சினை அது.

இடத்தோடு பணமும் ஒட்டியிருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. 2011இல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. இளம் ஆட்டக்காரர் ஒருவர் எம்.வி.பி. ஆகியிருந்தாலோ, இருமுறை ஆல்-என்.பி.ஏ. அணியில் வந்திருந்தாலோ, இருமுறை ரசிகர் வாக்கால் ஆல்-ஸ்டார் தொடக்க ஐவரில் வந்திருந்தாலோ, அணியின் சம்பள வரம்பில் 25 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீதம் வரை கேட்கலாம். எங்கோ ஒருவர் கைப்பேசியில் தட்டும் வாக்கு இன்னொருவரின் பல கோடியைத் தீர்மானிக்கிறது என்றால் அது அபத்தம், சந்தேகமில்லை. அந்த அபத்தத்துக்கு ரசிகரா பொறுப்பு? யாரைப் பார்க்க ஆசை என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் விடையை எடுத்துப்போய்ச் சம்பளக் கணக்கில் எழுதிக்கொண்டவர்கள் பொறுப்பு. 2017 ஒப்பந்தத்தில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். சரியான சிகிச்சை அது. வேடிக்கை என்னவென்றால், நோய்க்கு மருந்து தந்த அதே ஆண்டில் ரசிகரின் வாக்கையும் பாதியாக வெட்டினார்கள். முதல் வேலை போதுமாக இருந்தது. தொடக்க ஐவரை முழுவதும் ரசிகரிடமே திருப்பித் தந்துவிட்டு, பயிற்சியாளர் சீட்டுகளைப் பெயரோடு வெளியிடுவதுதான் செய்ய வேண்டியது என்பேன்.

ஆட்டமே செத்துவிட்டது, இதில் பட்டியலுக்கு என்ன மரியாதை என்று கேட்பவரும் உண்டு. 2024இல் இண்டியானாபொலிஸில் கிழக்கு 211, மேற்கு 186. தடுப்பதற்கு ஆளே இல்லாத ஆட்டம். அதற்கு முந்தைய ஆண்டு ஆட்டத்தைப் பற்றி, அதில் பயிற்சியாளராக இருந்த மைக்கேல் மலோனே, இதைவிட மோசமான கூடைப்பந்து ஆட்டம் நடந்ததில்லை என்ற அளவுக்குச் சொல்லிவிட்டார். மறுக்கவில்லை. அதனால்தான் பட்டியல் முக்கியம். 2017இல் 192-182 என்ற எண்ணும், ஆந்தணி டேவிஸ் 52 புள்ளிகளால் வில்ட் சேம்பர்லினின் 1962 சாதனையை முறித்ததும் புள்ளிவிவரப் பிரியர்களுக்கு. மற்றவர்களுக்கு நினைவிருப்பது முதல் கால்பகுதியில் சில வினாடிகள். முந்தைய கோடையில் டுரான்ட் வெஸ்ட்புரூக்கை விட்டுப் பிரிந்து வாரியர்ஸுக்குப் போயிருந்தார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று நாடே பேசிக்கொண்டது. ஒரே சட்டையில் இருவரும் மைதானத்தில் இருந்தபோது வெஸ்ட்புரூக் டுரான்ட்டிடம் பந்தைத் தள்ளிவிட்டுக் கூடையை நோக்கி ஓடினார், டுரான்ட் அதை உயரத் தூக்கிப் போட்டார், வெஸ்ட்புரூக் எகிறிப் பிடித்துக் கூடைக்குள் அடித்தார். மேற்கின் பெஞ்ச் மொத்தமும் எழுந்து குதித்தது. யாரும் கஷ்டப்பட்டுத் தடுக்காத ஆட்டத்தில் அது ஒன்றும் கடினமான கூடை இல்லை. பட்டியல் அவர்களை ஒரே பக்கத்தில் நிறுத்தியிருந்ததுதான் அதன் சுவை.

பட்டியலுக்கு உண்மையான பலம் உண்டு என்பதை ஆட்டக்காரர்கள் முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். 1964 ஜனவரி 14, மறுபடி பாஸ்டன் கார்டன். ஏ.பி.சி. தொலைக்காட்சி மாலை நேரத்தில் நேரடியாக ஒளிபரப்ப வந்திருந்தது. ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றி ஆண்டுக்கணக்காக வாய்தா சொல்லிக்கொண்டிருந்த உரிமையாளர்கள் எழுத்தில் உறுதி தராவிட்டால் ஆடமாட்டோம் என்று, சங்கத் தலைவர் டாமி ஹைன்சன் தலைமையில் இருபது பேரும் உடைமாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. லேக்கர்ஸ் உரிமையாளர் பாப் ஷார்ட், தன் ஆட்களான எல்ஜின் பெய்லருக்கும் ஜெர்ரி வெஸ்ட்டுக்கும் உடனே வெளியே வராவிட்டால் தெரியும் என்று மிரட்டிச் சொல்லி அனுப்பினார். அது எதிர்விளைவைத்தான் தந்தது. கமிஷனர் வால்டர் கென்னடி உறுதியளித்த பிறகே ஆட்டம் தாமதமாகத் தொடங்கியது. வேறு எந்த இரவில் இந்த வேலைநிறுத்தம் செய்திருந்தாலும் உரிமையாளர் தன் இருவரைத் தனித்தனியே மடக்கியிருப்பார். ராபர்ட்சன், பெய்லர், வெஸ்ட், ஹைன்சன் எல்லாரையும் ஒரே அறைக்குள் கொண்டுவந்து சேர்த்தது ஒரு தேர்வுப்பட்டியல். 2025 ஜூலையில் பெண்கள் லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஆல்-ஸ்டார் ஆட்டத்திலும் இதே காட்சியின் மறுபதிப்பு. ஊதிய ஒப்பந்தப் பேச்சு இழுபறியில் இருந்தபோது, எங்களுக்குத் தரவேண்டியதைத் தா என்று எழுதிய கறுப்புச் சட்டையோடு இரு அணியினரும் பயிற்சிக்கு இறங்கினார்கள். அந்த ஆண்டு ரசிகர் வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேல் பெற்று எல்லாரிலும் முதலாக வந்தவர் கெய்ட்லின் கிளார்க். சக ஆட்டக்காரர்கள் அவருக்குக் கார்டுகளில் ஒன்பதாமிடம் தந்திருந்தார்கள். ஆட்டம் நடந்தது அவர் ஆடும் ஊரான இண்டியானாபொலிஸில். காயத்தால் அவர் அன்று ஆடவும் இல்லை. சட்டையில் எழுதியிருந்த வாசகத்தை அத்தனை கேமராக்கள் படித்ததற்கு, ஒன்பதாமிடம் தந்த சீட்டைவிட முதலிடம் தந்த சீட்டுக்கே கூடுதல் பங்கு உண்டு.